குளத்து மீன் மலடோ?

மலாக்காவின் வரலாறு எழுதப் புகுவோர் பரமேசுவரனில் தொடங்கி, போர்ச்சுகீசியர் கோட்டையை ஒருமுறை சுற்றி வந்து, கம்போங் செட்டியில் சற்றே இளைப்பாறி, 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் பண்டார் ஹிலிர் திடலில் விடுதலை நாளை அறிவித்த செய்தியோடு ஏட்டை மூடிவிடுவது வழக்கமாகப் போயிற்று. மன்னர்க்கும் மாலுமிக்கும் வரலாறு உண்டென்பதை யாரே மறுப்பர்? எனினும் மீன்குளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஓர் அதிகாரம் நம் நகரிலிருந்து சில மைல் தொலைவில், விமான நிலையம் அமைந்துள்ள பத்து பெரண்டாமில் நடந்தேறியது. அவ்வூர்ப் பெயருக்கு நீரில் ஊறும் கல் என்பது பொருள். அங்கே நீரில் ஊறியது கல் மட்டுமன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எழுதத் தூண்டியது ஒரு வதந்தி. சந்தையில் விற்கும் புல்கெண்டையும் கெளுத்தியும் ‘ஊசி மீன்’ என்றும், அவற்றை உண்டால் பெண்பிள்ளைகள் காலத்துக்கு முன்பே பருவமடைவர் என்றும், ஆண்மக்கள் ஆண்மை குன்றுவர் என்றும் ஒரு பேச்சு ஜாசின், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் உலவக் கேட்கிறோம். லயத்துத் திண்ணையில் மட்டுமா? நகரத்தில் படித்துப் பட்டம் பெற்ற நண்பர்களும் கைப்பேசியில் வந்த செய்தியென்று அதனைக் காட்டித் தலையசைக்கின்றனர். எந்த ஊசி, எந்த மீனுக்கு, எப்பொழுது, எதன் பொருட்டு என்று திருப்பிக் கேட்டால் மட்டும் மறுமொழி வருவதில்லை. கணக்கேட்டில் ஒரு தொகை உதைத்தால் முதல் வரியிலிருந்து கூட்டிப் பார்ப்பது நம் தொழில். அவ்வாறே இச்செய்தியையும் முதலிலிருந்து கூட்டிப் பார்ப்போம்.

மீன் வளர்ப்பில் சீனர் மிகத் தொன்மையானவர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினராகிய ஃபான் லீ என்பார் அதுபற்றி ஒரு சிறு நூலே இயற்றினார் என்பர். அந்நூல் கூறுவது சாதாரணக் கெண்டையைப் பற்றி. அது நிற்கும் நீரிலேயே பாசியின்மேலும் பூண்டின்மேலும் முட்டையிடும் இயல்பினது. ஆதலின் அதனை வளர்த்தோர்க்கு வித்துக்கு ஒரு குறையும் இல்லை. பின்னர் டாங் மரபினர் ஆண்டனர். அவர்தம் குடும்பப் பெயர் ‘லீ’. கெண்டையின் சீனப் பெயரும் காதுக்கு அவ்வாறே ஒலிப்பது. மன்னன் பெயரைத் தாங்கிய மீனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமென்று ஆணை பிறந்ததாகவும், வயிறு வளர்க்கவேண்டிய மக்கள் வேறு மீன்களை நாடியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. மன்னன் பெயருக்கு அஞ்சி மக்கள் சோற்றுத்தட்டையே மாற்றிக்கொண்டனர் என்றால், பெயரின்மேல் மனிதனுக்குள்ள மயக்கத்தை என்னென்பது!

அவ்வாறு வந்து சேர்ந்தவை நான்கு: புல்லைத் தின்னும் புல்கெண்டை, நீரில் மிதக்கும் நுண்பாசியை வடித்துண்ணும் வெள்ளிக்கெண்டை, நுண்ணுயிர்களை உண்ணும் பெருந்தலைக் கெண்டை, அடியில் கிடக்கும் நத்தையை உடைத்துத் தின்னும் கருங்கெண்டை. ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. ஆகவே நான்கையும் ஒரே குளத்தில் விடலாம். இத்தகைய ஒற்றுமை மனிதர் குடியிருப்பில் அரிது.

இந்நான்குக்கும் ஒரு குறை இருந்தது. குளத்தில் இவை தின்னும், கொழுக்கும், பெண்மீனின் வயிறும் முட்டையால் புடைக்கும், முட்டையிடா. யாங்ஸி, மேற்காறு ஆகிய பேராறுகளில் வெள்ளம் பெருகும் பருவத்தில் மட்டுமே இவை முட்டையிடும். அப்பருவத்தில் ஆற்றோரம் நுண்வலை விரித்துக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் குஞ்சுகளை வாரி, அவற்றை விற்பதே ஒரு தனித் தொழிலாய் நடந்தது. மலாயாவில் குடியேறிய சீனர் பன்றிக் கொட்டிலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே குளம் வெட்டி, மரவள்ளித் தழையும் புல்லும் அறுத்துப் போட்டு இம்மீன்களை வளர்த்தனர். குளம் இங்கே, தழை இங்கே, உழைப்பும் இங்கே. வித்து மட்டும் தென்சீனத்து ஆற்றிலிருந்து ஹாங்காங் வழியே கடல் கடந்து வரவேண்டும். வழியில் இறந்தவை போக எஞ்சியவற்றுக்கு வணிகன் சொன்னதே விலை. கடல்வழி அடைபட்டால் குளம் வெறுங்குளம். வித்து ஒருவன் கையிலும் நிலம் மற்றொருவன் கையிலும் இருந்தால் விளைவது யாதென்பதை நம் தோட்ட மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, குளத்து மீன் முட்டையிடாமை ஏன்? வயிறு நிறைய முட்டையிருந்தும் ஈனாத மீனைப் பார்ப்பவர்க்கு அது மலடென்றே தோன்றும். மலடு என்னும் இச்சொல்லை நம் சமூகம் எத்துணை எளிதாக எடுத்து வீசுகிறது என்பதை நேயர்கள் அறிவர். ஒரு பெண்ணை நோக்கி அச்சொல் வீசப்பட்டால் அவள் கல்யாண வீட்டு வாசலிலும் ஒதுங்கி நிற்க நேர்கிறது. அதற்கு விதியென்றும் முன்வினையென்றும் விளக்கம் வேறு. மீனைப் பற்றி ஆராய்ந்தவர்கள் விதியோடு நின்றுவிடவில்லை. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தேடினார்கள்.

நமக்கு அணித்தாகவே இதற்கோர் உவமை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட செம்பனை, பூத்தும் சரியாகக் காய்க்காமல் நெடுங்காலம் தொல்லை தந்தது. நம் தாய்மார்கள் வெண்பொடியில் கலந்த மகரந்தத்தைக் குலைகுலையாக ஊதிக்கொண்டு வெயிலில் நடந்த காலம் அது. மரத்தில் குறையில்லை; அதன் தாயகத்தில் மகரந்தத்தைச் சுமந்து திரிந்த சிறு கூன்வண்டு இங்கே வந்து சேரவில்லை, அவ்வளவே. 1981இல் அவ்வண்டினைக் கேமரூனிலிருந்து கொணர்ந்து விட்டபின் கையால் ஊதும் வேலையே ஒழிந்தது. இடம் பெயர்ந்த உயிர் தன்னோடு எல்லாவற்றையும் எடுத்துவர இயலுவதில்லை. செம்பனை வண்டை விட்டுவிட்டு வந்தது; கெண்டை ஆற்றை விட்டுவிட்டு வந்தது.

ஆறு அந்த மீனுக்குச் செய்தது யாது? நீர் உயர்கிறது, வேகம் கூடுகிறது, கலங்குகிறது, வெம்மை மாறுகிறது. இவற்றை மீனின் புலன்கள் உணர்ந்து மூளைக்கு உணர்த்துகின்றன. மூளையின் அடிப்பகுதியில் கடுகளவோ பயறளவோ ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி என்பது அதன் பெயர். மூளை கட்டளையிட்டால் அது ஒரு சுரப்பு நீரை இரத்தத்தில் விடும். அந்நீர் சினைப்பைக்குச் சென்று, ஏறத்தாழ முதிர்ந்து காத்திருக்கும் முட்டைகளை முற்ற முதிர்வித்து வெளிப்படுத்தும். இவ்வாறு உடலின் ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தை இயக்கும் நீருக்கே ஹார்மோன் என்று பெயர். பால் மரத்தின் பட்டையில் எத்ரல் தடவினால் பால் நின்று ஒழுகுவதைத் தோட்டத்தில் கண்டிருக்கிறோம். அம்மருந்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயு மரத்துக்குரிய ஒரு ஹார்மோனே. குளத்து மீனின் சுரப்பியில் நீர் இருக்கிறது. சினைப்பையில் முட்டையும் இருக்கிறது. இடையில் ‘வெள்ளம் வந்தது’ என்னும் செய்திதான் வரவில்லை. செய்தி வராமற்போகவே காத்திருந்த முட்டைகள் கரைந்து உடலிலேயே மீண்டும் கலந்துவிடுகின்றன.

செய்தி வராவிடில், செய்தியின் பயனாகிய நீரையே நேரே செலுத்தினால் என்ன? இவ்வினா முதலில் பயன் தந்தது தென் அமெரிக்காவில். அர்ஜென்டினா நாட்டின் பெர்னார்டோ ஹூசே, ஒரு மீனின் பிட்யூட்டரிச் சாற்றைக் குட்டியீனும் சிறு மீனொன்றுக்குச் செலுத்தி அது காலத்துக்கு முன்னரே ஈன்றதைக் கண்டு 1930இல் வெளியிட்டார். பிற்காலத்தில், 1947இல், சர்க்கரைச் செரிமானத்தில் அதே சுரப்பிக்குள்ள பங்கினைக் கண்டறிந்தமைக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர். அவர் வித்திட்டதைப் பிரேசில் நாட்டு ரொடோல்ஃபோ ஃபான் ஈரிங் பயிராக்கினார். பிரேசிலின் வடகிழக்கு, வானம் பொய்க்கும் பூமி. அங்கே அரசினர் அணைகளும் ஏரிகளும் கட்டினர். ஏரியில் நீர் நின்றது, ஆற்று மீன் ஈனவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு மீன் உணவு வேண்டுமென்று உழைத்த ஃபான் ஈரிங், 1934ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிட்யூட்டரிச் சாறு செலுத்தி ஆற்று மீன்களை முட்டையிடச் செய்தார்.

பிரேசில் என்றதும் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1876இல் ஹென்றி விக்கம் அந்நாட்டிலிருந்து எடுத்துச் சென்ற ரப்பர் விதைகளின் வழித்தோன்றல்களே நம் முன்னோரைக் கப்பலேற்றி இங்கே கொணர்ந்தன. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896ஐ ஒட்டி டான் சே யான் அமைத்ததும் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். மரத்தின் வித்தும், மீன் வித்தை உண்டாக்கும் வித்தையும் ஒரே நாட்டோடு தொடர்புற்றிருப்பது வியப்பே. ஆனால் முன்னது ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்துச் செல்லப்பட்டது என்ற குற்றச்சாட்டுக்கு இன்றும் உரியது. பின்னதை அதன் ஆசிரியரே எழுதி உலகறிய வெளியிட்டார்.

நிற்க. இந்தியாவின் நிலையும் சீனத்தின் நிலையை ஒத்ததே. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகளின் குஞ்சுகளைக் கங்கை முதலிய ஆறுகளில் மழைக்காலத்தில் வாரி, புகைவண்டியிலேற்றிப் பல மாகாணங்களுக்கும் அனுப்பினர். ஆற்றில் வாரிய குஞ்சில் நல்ல மீனோடு அதனைத் தின்னும் மீனும் கலந்தே வரும். பிரித்தறியும் அளவுக்கு வளர்வதற்குள் ஒன்று மற்றொன்றை விழுங்கியிருக்கும். பஞ்சாபில் ஹமீத் கான் 1938இல் பாலூட்டிகளின் பிட்யூட்டரிச் சாற்றை மிருகால் மீனுக்குச் செலுத்திப் பார்த்தார். வழி திறந்ததேயன்றி அவ்வழியில் ஊரார் நடக்கும் அளவுக்குப் பாதை செப்பனிடப்படவில்லை.

அதற்குப் பின் கட்டாக்கிலிருந்த மத்திய சர்க்காரின் குளமீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஹிராலால் சௌதுரி இப்பணியை மேற்கொண்டார். சில்ஹெட்டில் பிறந்த வங்காளியார் அவர். 1955இல் கட்லாவின் சுரப்பிச் சாற்றைச் சிறு மீனொன்றில் செலுத்தி வெற்றி கண்டார். பெருமீன்களில் அது கைகூடியது 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், ஒரிசாவின் அங்குலில். அவருடன் நின்றவர் கே. எச். அலிக்குஞ்ஞி. மலாயா விடுதலையடைய அப்பொழுது ஐம்பத்திரண்டு நாட்களே இருந்தன. 2001 முதல் இந்தியாவில் ஜூலை 10ஆம் நாளை மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடி வருகின்றனர். போரில் வென்ற நாளைக் கொண்டாடும் உலகில் மீன் முட்டையிட்ட நாளையும் கொண்டாடுகிறார்கள் என்பது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அம்முறையைச் சற்று விரிவாகவே கூறுவோம். ‘ஊசி மீன்’ என்போர்க்கு இது பயன்படும். மீன் சந்தையில் வெட்டுவோர் தலையை எறியுமுன் மண்டையோட்டின் மேல்மூடியைச் சீவி, மூளையை மெல்ல விலக்கினால், எலும்பில் ஒரு சிறு குழிக்குள் அச்சுரப்பி அமர்ந்திருக்கும். அதை உடையாமல் எடுத்துச் சுத்த சாராயத்தில் இட்டு, நீரும் கொழுப்பும் நீங்கியபின் இருட்டுப் புட்டியில் குளிர்ந்த இடத்தில் வைப்பர். வேண்டும்பொழுது அரைத்து, நீரில் கரைத்து, தெளிந்த சாற்றை மட்டும் எடுப்பர். பெண்மீனின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் முதலில் 2 அல்லது 3 மில்லிகிராம் சுரப்பி. ஏறக்குறைய 6 மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆண்மீனுக்கு இரண்டாம் வேளையில் ஒரு சிறு அளவு போதும். வாலருகில் சதையில் ஊசி போட்டு, குளத்தில் மூங்கில் நட்டுக் கட்டிய துணித் தொட்டியில் இரண்டையும் விடுவர். மாலையில் தொடங்கினால் விடியுமுன் நீர் சலசலக்கும். கிலோவுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள்; வெப்பமான நீரில் 15, 18 மணி நேரத்துக்குள் அவை பொரிந்துவிடும்.

இத்தொழிலின் மூலப்பொருள் சந்தையில் எறியப்படும் மீன்தலை. அதை அறிந்தெடுக்கும் கை, மீன் நாற்றம் வீசுகிறது என்று நம்மில் மேன்மை பேசுவோர் விலகி நடக்கும் அதே கை. ஆராய்ச்சிச் சாலையின் கண்ணாடிப் புட்டி நிரம்பியது அக்கையின் திறத்தால் என்பதைப் பட்டம் பெற்றோர் மறவாதிருப்பார்களாக.

சீனத்திலோ, அங்குல் வெற்றிக்கு அடுத்த ஆண்டே, 1958இல், குவாங்தோங் மாகாணத்தில் ஜொங் லின்னும் அவர்தம் கூட்டத்தாரும் வெள்ளிக்கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அங்கே மீனின் சுரப்பியோடு வேறொரு பொருளும் பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. கருவுற்ற பெண்களின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் மிகுதியாக உண்டென்று 1927இல் ஜெர்மானியர் இருவர் கண்டறிந்திருந்தனர். தாய்மையின் அடையாளமாகிய அந்நீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, ஆற்றைக் காணாத மீனைத் தாயாக்கிற்று.

இப்பொழுது பத்து பெரண்டாமுக்கு வருவோம். 1957இல் வெப்பநாட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே நிறுவப்பெற்றது. அதற்கு முன்னின்றவர் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் மீன்வள ஆலோசகர் சி. எஃப். ஹிக்லிங். பிற்பாடு ஜி. ஏ. பிரௌஸ் அதன் தலைவராய் இருந்தார். குளங்களுக்கு எரு இடுவதும், பாசி வளர்ச்சியை அளப்பதும், எம்மீன் எவ்வளவு எடை தருகிறது என்று நிறுத்துக் குறிப்பதும் அங்கே நாள்தோறும் நடந்த வேலை. பால் நிறுத்து ஏட்டில் எழுதும் நமக்கு அது புதிய வேலையன்று.

அந்நிலையத்தார் முன் நேர்மாறான இரு தொல்லைகள் நின்றன. ஒன்று திலாப்பியா. ஆப்பிரிக்காவுக்குரிய இம்மீன் 1939இல் ஜாவாவின் கரையோரத்தில் காணப்பட்டது; போர்க்காலத்தில் ஜப்பானியர் அதனை மலாயாவுக்குக் கொணர்ந்தமையால் மலாய்க்காரர் இன்றும் அதனை ஜப்பான் மீன் என்கின்றனர். மரவள்ளிக் கிழங்கு தின்று, சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களை எண்ணி அழுத அந்நாட்களோடு நம் முதியோர் நினைவில் பின்னிக்கிடக்கும் மீன் அது. அதன் குறை, ஈனாமையன்று, ஓயாது ஈனுதல். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்க, குளம் முழுதும் விரலளவுக் குஞ்சாய் நிரம்பி, ஒன்றும் உண்ணத்தக்க அளவுக்கு வளராது. மற்றொன்று சீனக் கெண்டை. அதுவோ ஒன்றும் ஈனாது. அடுத்தடுத்த குளங்களில், ஒரு மீனை எப்படித் தடுப்பது என்றும், ஒரு மீனை எப்படித் தூண்டுவது என்றும் ஒரே கூட்டத்தார் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தனர்!

திலாப்பியாவுக்கு விடை தற்செயலாய் வந்ததுபோல் வந்தது. ஜான்சிபாரிலிருந்து வந்த ஆண்மீனையும் இங்கிருந்த ஜாவா வழிப் பெண்மீனையும் கூட்டியபோது பிறந்தவை ஏறத்தாழ அனைத்தும் ஆண். பெண்ணில்லாக் குளத்தில் பெருக்கமேது? உண்ட உணவு சதையாயிற்று. ஹிக்லிங் இதனை 1960இல் மரபியல் இதழில் வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே மலாக்காவின் பெயர் இருக்கிறது. உலகெங்கும் ஆண் திலாப்பியா வளர்ப்போர் எடுத்துக்காட்டும் பழைய கட்டுரைகளுள் அஃதொன்று.

கெண்டைக்கு விடை வரச் சில ஆண்டுகள் பிடித்தன. சீனத்தின் குளிரில் நாலைந்து ஆண்டில் முதிரும் புல்கெண்டை வெப்ப நாடுகளில் அதனினும் விரைவில் முதிர்கிறது. ஆகவே தாய்மீனுக்குப் பஞ்சமில்லை. ஊசியின் அளவும் வேளையும் இந்நாட்டு நீருக்கு ஏற்பக் கண்டறியப்படவேண்டும். எஃப். ஒய். சென் என்பாரும் உடனுழைத்தோரும் புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக் கெண்டை ஆகிய மூன்றையும் மலாக்காவில் ஹார்மோன் செலுத்தி முட்டையிடச் செய்த செய்தியை 1969இல் மலேசிய வேளாண்மை இதழில் வெளியிட்டனர். நூற்றாண்டுகளாகக் கடல் கடந்தே வந்த வித்து, மலாக்கா நீரில் பிறந்தது. அவ்வாண்டு நாட்டில் நிகழ்ந்த கலவரமும் குடியுரிமைக் கவலையும் நம் மக்கள் நெஞ்சை நிறைத்திருந்தன. தங்கள் நகரோரத்துக் குளத்தில் மீன் குடியுரிமை பெற்றதை அவர்கள் கவனியாதிருந்ததில் வியப்பில்லை.

பின்னர் வந்த முன்னேற்றம் மூளைக்கு இன்னும் ஒருபடி அருகில் சென்றது. பிட்யூட்டரிக்குக் கட்டளையிடும் மூளைப் பொருளின் அமைப்பை ஷாலி, கியூமன் ஆகிய இருவரின் ஆய்வுக் கூட்டத்தார் 1971இல் விளக்கினர். 1977இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதன் செயற்கை வடிவத்தைச் செலுத்தியும் கெண்டை சில வேளை இணங்கவில்லை. காரணம், மூளை முடுக்குவதோடு தடையும் போடுகிறது. டோபமின் என்னும் பொருளே அத்தடை. சீனத்தின் லின் ஹாவ்ரானும் கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் முடுக்கும் மருந்தோடு தடையை நீக்கும் டோம்பெரிடோனையும் சேர்த்தனர். வாந்திக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அதே டோம்பெரிடோன்தான். ஓவாப்ரிம் என்னும் பெயரில் இக்கலவை சிறு புட்டியில் விற்கிறது. மீனின் எடையில் கிலோவுக்கு அரை மில்லிலிட்டர், பெரும்பாலும் ஒரே ஊசி. மீன்தலை சீவும் வேலை இதனால் பெரிதும் குறைந்தது. இன்று கெளுத்தியும் பாத்தினும் இவ்வாறே பெருக்கப்படுகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தியில் ஒன்று சொல்லவேண்டும்: பெண்ணின் வயிற்றை அழுத்தி முட்டையைப் பெறலாம், ஆணிடம் அவ்வாறு பெற இயலாமையால் அதனை அறுத்தே விந்துப்பையை எடுக்கின்றனர். விஞ்ஞானம் யாவும் இனிமையாய் முடிவதில்லை.

இனி வதந்திக்கு வருவோம். ஊசி போடப்படுவது தாய்மீனுக்கும் தந்தைமீனுக்கும். அதுவும் முட்டையிடவேண்டிய அந்நாளில் மட்டும். பிறக்கும் லட்சக்கணக்கான குஞ்சுகளில் ஒன்றுக்கும் ஊசியில்லை. நம் தட்டுக்கு வருவது அக்குஞ்சு மாதக்கணக்கில் தீனி தின்று வளர்ந்த உடல். அஃதன்றியும், தாய்மீனில் செலுத்திய ஹார்மோன் புரத இனத்தைச் சார்ந்தது. சின்னாளில் மீனுடலிலேயே சிதைந்துவிடும். சிறிது எஞ்சினும் நம் வயிற்றில் சோற்றோடு பருப்பும் செரிப்பதுபோல் செரித்துவிடும். பெண்பிள்ளைகள் பருவமடைவதை மீன்காரர் மேல் ஏற்றிச் சொல்வது வீண்பழி.

ஆயினும் நேர்மையாய் ஒன்றைப் பிரித்துச் சொல்லல் வேண்டும். திலாப்பியாக் குஞ்சுகள் யாவற்றையும் ஆணாக்குதற்கு மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் மருந்தைத் தீனியில் கலந்து, பிறந்தது முதல் மூன்று நான்கு வாரம் ஊட்டும் முறை 1970களில் பரவிற்று. பிலிப்பைன்சின் ரஃபேல் குரேரோ அதனைச் செப்பமுறச் செய்தவருள் முதன்மையானவர். ஹிக்லிங் கலப்பினால் பெற்றதை இவர்கள் மருந்தினால் பெற்றனர். இம்மருந்து புரதமன்று, செரிமானத்தில் அழிந்துபோகும் என்று கைகழுவ முடியாது. கடுகளவுக் குஞ்சுக்குக் கொடுத்தது பல மாதம் கழித்து விற்பனைக்கு வரும் பெருமீனில் தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அத்தீனியைக் கையால் பிசைவோர்க்கும், அத்தொட்டியின் கழிவுநீர் சேரும் ஓடைக்கும் காப்பு வேண்டும். களைக்கொல்லி தெளிக்கும் பெண்களுக்குக் கையுறையும் முகமூடியும் கேட்டு எத்தனை காலம் போராடவேண்டியிருந்தது என்பது தெரிந்த நம்மவர், அச்சப்பட வேண்டுமாயின் இந்த இடத்தில் அச்சப்படட்டும், கேள்வி கேட்கட்டும்.

ஊசி முறையாலும் ஒரு கேடு உண்டு. அது உண்பவர்க்கன்று, மீனினத்துக்கு. ஒரு தாய்மீனே லட்சம் குஞ்சு தருமாதலின் பண்ணைக்காரன் சில மீன்களையே வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் வித்தெடுக்கிறான். அக்காள் தங்கை பிள்ளைகளுக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு போவது போன்றதே இது. உறவுக்குள் மணம் செய்யும் நம் வழக்கத்தை நேயர்கள் தாமே ஒப்பிட்டுக் கொள்வார்களாக. கர்நாடகத்துக் கெண்டைப் பண்ணைகளை ஆய்ந்த எக்நாத், டாய்ல் இருவரும் 1990இல் இவ்வகை நெருக்கம் விரைந்து ஏறுவதைக் காட்டினர். பரிகாரம், வேற்றுப் பண்ணையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் புதுத் தாய்மீன் கொணர்தல். ஆகவே ஆற்றினின்று விடுவித்த ஊசிக்கும் ஆறு தேவைப்படுகிறது.

பத்து பெரண்டாம் நிலையம் பின்னர் மலேசிய மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆராய்ச்சி மையமாய் நெடுங்காலம் விளங்கிற்று. இன்று நன்னீர் மீன் ஆராய்ச்சிக்கென்றுள்ள நிலையம் நெகிரி செம்பிலானில், ஜெலெபு வட்டத்துக் கிளாமி லெமியில் இருக்கிறது. அந்நான்கு மீன்களின் தாயகமாகிய யாங்ஸியிலோ முப்பள்ளத்தாக்குப் பேரணை எழுந்து, 2003இல் நீர் தேக்கப்பட்டது. அணைக்குக் கீழே வெள்ளத்தின் ஏற்றமும் வேகமும் மாறவே, ஆற்றில் மிதந்துவரும் கெண்டைக் குஞ்சுகள் வெகுவாய்க் குறைந்தன. குளத்து மீனுக்கு நேர்ந்தது ஆற்று மீனுக்கும் நேர்ந்தது. 2011 முதல் அங்குள்ளார் முட்டையிடும் பருவம் பார்த்து அணையின் மதகுகளை நாள்தோறும் சிறிது சிறிதாய்க் கூடுதலாகத் திறந்து, கீழே ஒரு செயற்கை வெள்ளத்தை உண்டாக்கி, மீன் முட்டையிடுகிறதா என்று கரையில் நின்று எண்ணி வருகின்றனர்.